எட்டாவது ஹோலில் ஒரு மகிழ மரம்

கோல்ஃப் மைதானத்தைப் பழையபடி ஆக்கித் தருவது என்பது, பாதி நேரம் மரம் வெட்டுவதும் மீதி நேரம் அதற்காகத் திட்டு வாங்குவதுமான தொழில்.

பழைய வீட்டைப் புதுப்பித்தவர்கள், மாமனார் நடத்திய கடையை மாற்றிக் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு சுவரைத் தட்டினால் ஒரு சித்தப்பாவுக்குக் கோபம் வரும். எங்களுக்கு இடம் பெரிசு. அதனால் சித்தப்பாக்களும் அதிகம்.

நான் படித்தது விவசாயம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கொரட்டூரில் ஃப்ளாட். மைதானங்களில் புல் வளர்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆவடியைத் தாண்டி ஒரு பழைய கிளப்பில் இந்த வேலை வந்தது. வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் வரைந்து போட்ட மைதானம் அது. அவர் போன பிறகு வந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். பந்து விழுந்தால் எடுக்கக் கஷ்டமான மணல் குழிகளை மண் போட்டு மூடினார்கள். வெறும் புல்லாக இருந்த இடத்தில் மரம் நட்டார்கள். கொடி நிற்கும் வழவழப்பான புல் மேடை இருக்கிறதே, கிரீன் என்பார்கள், அது ஒவ்வொரு வருஷமும் ஓரம் சுருங்கிச் சுருங்கி, பெரிய தோசை அளவில் இருந்தது ஊத்தப்பம் அளவுக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் அவர் வரைந்தபடியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கிளப் கமிட்டி முடிவு செய்தது. கையில் பழைய வரைபடம் ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது, இதில் அழுகிற மாதிரி ஒன்றுமே இல்லையே என்றுதான் நினைத்தேன்.

புல்லு மேடம்

எங்கள் அபார்ட்மெண்டில் எல்லாரும் ஐ.டி. காலையில் லிஃப்டில் கழுத்தில் அட்டையோடு இறங்குவார்கள். நான் மட்டும் ரப்பர் பூட்ஸும் தொப்பியுமாக இறங்குவேன். மூன்றாவது மாடிப் பெண் ஒருத்தி ரொம்ப நாள் யோசித்துவிட்டு, "நீங்க கார்ப்பரேஷனா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "இல்லம்மா, கோல்ஃப்" என்றேன். அடுத்த நாளிலிருந்து லிஃப்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. நான் ஆடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சைட்டில் அந்தக் குழப்பமே இல்லை. ஜே.சி.பி. ஓட்டுகிற ஏழுமலை முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார். கரையான்சாவடிக்காரர், நாற்பது வயசு இருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். ஆவடி ஸ்டேஷனிலிருந்து நான் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதும், வண்டி மேலிருந்தபடியே கேட்டிலிருந்த காவலாளிக்குக் குரல் கொடுத்தார்: "அண்ணாத்தே, தொற! புல்லு மேடம் வந்துகினு கீது!"

பாலுவின் பந்து

பந்து அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொடி வரைக்கும் ஒரு ஹோல் என்று கணக்கு. ஐந்தாவது ஹோலில் ஒரு மணல் குழி இருந்ததாக வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. மூடியிருக்கிறார்கள். ஏழுமலை தோண்ட ஆரம்பித்த அன்று காலை, ராமநாதன் என்று ஒரு பழைய மெம்பர் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். தொழிற்சாலையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தூசி பறக்கிறது, தள்ளி உட்காருங்கள் சார் என்றேன். கேட்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். அவருக்கு பாலு என்று ஒரு சினேகிதர். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள், ஒரே வரிசையில் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ந்து ஆடுவார்கள். ஒரு ஞாயிறு, பாலுவின் பந்து இந்தக் குழியில் விழுந்தது. இறங்கி அடிக்கப் போனார். மணலில் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தார். ராமநாதன் மேலே நின்று, "சீக்கிரம் அடிடா, வெயில் ஏறுது" என்று சத்தம் போட்டிருக்கிறார். பாலு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அதற்குப் பிறகு யாருக்கும் அந்தக் குழியில் இறங்க மனசு வரவில்லை. அடுத்த மாதமே மூடிவிட்டார்கள்.

மண்ணை எடுத்து, அடியிலிருந்த பழைய மணலுக்கு வந்தபோது பந்துகள் கிடைத்தன. ஒரு பக்கெட் நிறைய. பல வருஷமாக மணலுக்குள் புதைந்துபோனவை, வெளுத்து, வெடித்து, மேலே இருந்த எழுத்து அழிந்து கிடந்தன. பக்கெட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசிப் பந்தையும் பார்த்து முடித்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"படுபாவி எப்பவும் மலிவான பந்தாத்தான் வாங்குவாம்மா. இதுல எது வேணா அவனோடதா இருக்கலாம்."

எந்தப் பழசு

மூன்றாவது ஹோலில் தண்ணீர் வடியக் குழாய் பதிக்கத் தோண்டினோம். செங்கல் வட்டம் ஒன்று தட்டுப்பட்டது. கிணறு. வரைபடத்தில் இல்லை. வெள்ளைக்காரர் மைதானம் போடும்போதே மூடியிருக்க வேண்டும்.

கேட் காவலாளி கோதண்டன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். இந்த இடம் மைதானமாவதற்கு முன்னால் அவருடைய குடும்பம் நெல் போட்ட நிலம் என்பதை எனக்கு அன்றைக்குத்தான் சொன்னார். இத்தனை நாளும் அதே நிலத்தின் கேட்டில் நின்று, உள்ளே வருகிற கார்களுக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இல்லை. குப்பையும் மண்ணும்தான்.

மூடச் சொல்லி ஆபீஸிலிருந்து போன் வந்தது. விளிம்பிலிருந்து ஒரே ஒரு செங்கல் எடுத்துக்கொள்ளலாமா என்று கோதண்டன் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். துண்டில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டார். ஏழுமலை குழியை நிரப்பி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். கோபமாகக்கூட அவர் பேசவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"பழசு மாதிரி ஆக்குறோம், பழசு மாதிரி ஆக்குறோம்னு சொல்லிகினு கீறீங்களே மேடம், அதுல எங்க பழசு எங்க கீது?"

மஞ்சள் குங்குமம்

வெட்ட வேண்டிய மரங்களுக்கு நாங்கள் அடையாளம் வைப்போம். அடிமரத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பட்டை. கமிட்டி ஒப்புதல் வந்துவிட்டால் அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

எட்டாவது ஹோலில், பந்து அடிக்கிற இடத்துக்கும் கொடிக்கும் நேர் நடுவே ஒரு மகிழ மரம் நின்றது. வெள்ளைக்காரர் வரைந்ததில் அங்கே ஒன்றும் கிடையாது. நேரான, காலியான புல்வெளி. அதனால் அந்த மரத்துக்கும் பட்டை விழுந்தது, பொட்டும் விழுந்தது. அதன் கீழே பெயர்ப்பலகையோ கல்லோ இல்லை. அது யாருடைய மரம் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா குடையோடு அங்கே நின்றார். கீழே உதிர்ந்திருந்த பூவைக் குனிந்து குனிந்து பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் நடக்கிற இடம், பந்து வரும் என்று எச்சரிக்கலாம் என்று போனேன். பெயர் வசந்தா என்றார். கமிட்டித் தலைவர் ஜெயச்சந்திரன் சாரின் மனைவி. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் நித்யா, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அவள் நினைவாக வைத்த மரம். வெள்ளிதோறும் வருவாராம். அதையெல்லாம் ரொம்ப சாதாரணமாக, பால் விலை பற்றிச் சொல்வது போலச் சொன்னார். பிறகு அடிமரத்தைத் தடவி, முகம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யாரோ நல்லவங்க, மழையில கரையக் கூடாதுன்னு பெயிண்ட்லயே மஞ்சள் குங்குமம் வெச்சிருக்காங்க பாரும்மா."

கையெழுத்துப் போட்டவர்

நேராக ஜெயச்சந்திரன் சாரிடம் போனேன். கிளப் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மரத்தைப் பட்டியலில் சேர்த்தது வேறு யாரோ, இவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டு போனேன். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டையை நானே சுரண்டி எடுத்துவிடலாம்.

"தெரியும்மா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

அவர் டீயைக் கீழே வைத்தார். மரம் வைத்த அன்று வந்ததோடு சரி, அதன் கிட்டே தான் போனதில்லை என்றார். எட்டாவது ஹோல் வந்தால் குனிந்த தலை நிமிராமல் அடித்துவிட்டு, வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்துவிடுவாராம். சில நாள் ஏழாவதோடு தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாராம். வீட்டில் மகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார் என்பதையும் அவரேதான் சொன்னார். மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா சார் என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"அவளுக்கு அங்க போனாத்தான் மூச்சு வருது. எனக்கு அங்க போனா மூச்சு நின்னுடுது. ஒரே மரம்தானேம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

ஆள் சத்தம்

வெட்ட வேண்டாம், வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்று ஜெயச்சந்திரன் சாரிடம் நான்தான் சொன்னேன். சாலை அகலப்படுத்தும்போது செய்கிறார்களே, அதுபோல. சில மரம் பிழைக்கும், சில பிழைக்காது என்பதையும் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வெள்ளி கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தார்கள். அவர் காரை விட்டு இறங்கவில்லை. அந்த அம்மா மட்டும் இறங்கி வந்தார். கணவர் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மஞ்சள் பட்டை எதற்கு என்பதையும் சேர்த்து. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எந்த இடம் என்று மட்டும் கேட்டார். கிளப்பின் பின்பக்கம், மதிலோரமாக, நல்ல மண்ணும் நிழலும் உள்ள அமைதியான ஒரு மூலையைக் காட்டினேன். சுற்றிப் பார்த்தார். பிடிக்கவில்லை. ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிப் போகும் கேடிகள் உட்கார்ந்து டீ குடிக்கிற ஷெட் இருக்கிறதே, எந்நேரமும் ரேடியோவும் சீட்டுக்கட்டும் சண்டையுமாக இருக்கும், அதன் பக்கத்தைக் கையால் காட்டினார்.

"ஓரமா வேணாம்மா, இங்கயே வெச்சிடு. நித்யாவுக்கு ஆள் சத்தம் இருக்கணும்."

ஏழுமலை வண்டியை நிறுத்தியது

மரத்தை இடம் மாற்றுவதற்கு அவகாசம் வேண்டும். சுற்றிலும் பள்ளம் வெட்டி, வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். கோடைக்கு முன்னால் திறப்பு விழா வைத்தே ஆக வேண்டும் என்று கிளப்பில் ஒற்றைக்காலில் நின்றார்கள். எனக்குக் கிடைத்தது தேவையானதில் பாதிகூட இல்லை. கிளைகளைக் கழித்து, மண்ணோடு திரண்டிருந்த வேரைச் சாக்கால் சுற்றி, கயிறு கட்டி, ஏழுமலையின் வண்டியில் தொங்கவிட்டோம். அவர் வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கீழே விட்டதைப் பார்த்தேன்.

மரம் தரையை விட்டு எழும்பியது. வசந்தா அம்மா கூடவே நடந்தார், ஒரு கையைச் சாக்கின் மேல் வைத்தபடி. தள்ளி வாங்கம்மா, கயிறு அறுந்தால் ஆபத்து என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. ஆறாவது ஹோலைக் கடக்கும்போது ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். தண்ணீர் குடித்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"கல்லு, மண்ணு, ஊடு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுக்கீறேன் மேடம், ஒண்ணும் ஆவல. அந்த அம்மா இப்டி கூடவே நடந்து வந்தா, யாரையோ கடேசியா தூக்கிகினு போற மாதிரியே கீது."

திறப்பு விழா

பந்தல், மாலை, நாதஸ்வரம், வடை எல்லாம் இருந்தது. கிரீன்கள் பழைய அகலத்துக்கு வந்திருந்தன. மணல் குழிகள் திறந்திருந்தன. பழைய மெம்பர்கள் வரிசையாக அவற்றில் பந்தை விட்டுவிட்டு, வெள்ளைக்காரரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள். அதைக்கூட நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

எட்டாவது ஹோலில் ஜெயச்சந்திரன் சாரின் முறை வந்தது. முன்னால் ஒன்றும் இல்லை. நேராகக் கொடி தெரிந்தது. மட்டையை எடுத்து நின்றவர், அப்படியே நின்றார். பின்னால் ஒருவர் இருமினார். ஜெயச்சந்திரன் சார் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக வந்து, என் பக்கத்தில் நின்றார். நீங்கள் ஆடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சைகை காட்டினார். மட்டையின் பிடியை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"மரம் இருந்தப்ப அந்த ஒரு இடத்தைப் பார்க்காம இருந்தா போதும்மா. இப்ப எட்டாவது முழுக்க அவதான் நிக்கிறா."

கிள்ளிப் பார்த்தது

இடம் மாறிய மரம் முதலில் இலையைக் கொட்டியது. அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொன்னேன். பிறகு குச்சிகள் காய்ந்தன. அதுவும் சில சமயம் வழக்கம்தான் என்று சொன்னேன். திறப்பு விழாவுக்கு அடுத்த நாளிலிருந்து ஜெயச்சந்திரன் சார் சாயங்காலம் தவறாமல் வர ஆரம்பித்தார். ஆட அல்ல. கேடிகளிடமிருந்து குழாயை வாங்கி, தானே மரத்துக்குத் தண்ணீர் விட்டார். முதலில் நின்றுகொண்டு விட்டார். கொஞ்ச நாளில் கேடிகள் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அவர் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டே தண்ணீர் விடுவதாகச் சொன்னார்கள். பெண்ணுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையை அவர்களுக்கும் ஒருநாள் சொன்னாராம்.

எனக்குத்தான் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. மரப்பட்டையை நகத்தால் லேசாகக் கிள்ளினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிள்ளிப் பார்த்தேன். பழுப்பு. கொஞ்சம் கீழே கிள்ளினேன், பழுப்பு. வேர் வரைக்கும் போனேன். எங்கேயும் பச்சை இல்லை. செத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்து, வசந்தா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஆட்டோவில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். "அம்மா, மரம்..." என்று தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்கால வெயிலில் கொஞ்ச தூரத்தில் அவர் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் காய்ந்த கட்டையின் அடியில் குழாயைப் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கேடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவரைப் பார்த்தபடியேதான் என்னிடம் பேசினார்.

"நான் முன்னாடியே கிள்ளிப் பார்த்துட்டேம்மா. இத்தனை வருஷமா மரத்துப் பக்கமே வராத மனுஷன், இப்ப பக்கத்துல உக்காந்து அவளைப் பத்திப் பேசுறார். செத்துப்போச்சுன்னு சொன்னா எழுந்து போயிடுவாரே, அதான் சொல்லல. நீயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை.

இப்போது வெளியூரிலிருந்து வந்து ஆடுகிறவர்கள் எட்டாவது ஹோலில் நின்று, இந்த இடத்தில் எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை போலிருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போகிறார்களாம், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர்தான் வேலை சுத்தம்.